விசிறி இறக்கையில் ஒரு பொட்டு: சீரற்ற வட்ட இயக்கத்தின் முடுக்கம்

எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறியின் ஓர் இறக்கை நுனியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் என் அக்கா மகள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். 'சீரற்ற வட்ட இயக்கத்தில் உள்ள பொருளின் முடுக்கம் எந்தத் திசையில் இருக்கும்?' என்று தேர்வில் கேட்டிருக்கிறார்கள். 'மையத்தை நோக்கி' என்று எழுதி மதிப்பெண்ணைப் பறிகொடுத்துவிட்டாள். விடைத்தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தவள், "வட்டத்தில் சுற்றினால் முடுக்கம் மையத்தை நோக்கித்தானே மாமா இருக்கும்? புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது" என்று சண்டைக்கு நின்றாள்.

புத்தகத்தில் போட்டிருப்பது சரிதான். ஆனால் அது வேகம் கூடாமல் குறையாமல் சுற்றும் பொருளுக்கு மட்டும். அதைத்தான் சீரான வட்ட இயக்கம் என்கிறோம். நாம் அன்றாடம் பார்க்கும் சுழற்சிகளில் அப்படிச் சுத்தமாக ஒரே வேகத்தில் ஓடுபவை குறைவு. விசிறி சுழலத் தொடங்கும்போது வேகம் கூடுகிறது, அணைத்தால் குறைகிறது. ஊஞ்சல் கீழே வரும்போது பறக்கிறது, மேலே போனால் ஒரு கணம் நின்றுவிடுகிறது. வளைவில் திரும்பும் பஸ்ஸின் ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்தபடியேதான் திருப்புகிறார். எல்லாம் சீரற்ற வட்ட இயக்கங்கள். பாடநூல் சீரான இயக்கத்துக்குப் பல பக்கங்கள் ஒதுக்கிவிட்டு, சீரற்ற இயக்கத்தை ஒரு படம், ஒரு சூத்திரம் என்று முடித்துவிடுவதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். உண்மையில் சுவை எல்லாம் இரண்டாவதில்தான் இருக்கிறது.

முதலில் சொற்களைத் துலக்கிக்கொள்வோம். வேகம் என்பது எவ்வளவு விரைவு என்ற எண் மட்டும். அந்த எண்ணோடு 'எந்தப் பக்கம்' என்பதும் சேர்ந்தால் திசைவேகம். திசைவேகம் மாறும் வீதம்தான் முடுக்கம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இது ஆர்முடுகல். நாம் வேகம் என்பதை அவர்கள் கதி என்பார்கள், நாம் திசைவேகம் என்பதை வேகம் என்பார்கள். இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் ஒன்றாக வைத்துப் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

பேச்சில் 'வண்டியை முடுக்கினான்' என்றால் வேகத்தைக் கூட்டினான் என்று பொருள். இந்தப் பழக்கமே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். இயற்பியலில் வேகம் கூடினாலும் முடுக்கம், குறைந்தாலும் முடுக்கம், வேகம் அப்படியே இருந்து திசை மட்டும் திரும்பினாலும் முடுக்கம். திசைவேகத்தை ஓர் அம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். அம்பின் நீளம் வேகம், அம்பு காட்டும் பக்கம் திசை. அந்த அம்பை இரண்டே வழியில் மாற்ற முடியும்: நீட்டிக் குறைக்கலாம், அல்லது திருப்பலாம். நீட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் அம்பின் போக்கிலேயே இழுக்க வேண்டும் அல்லது எதிரே தள்ள வேண்டும். நீளம் மாறாமல் திருப்ப மட்டும் வேண்டுமானால் அம்புக்குச் செங்குத்தாக, பக்கவாட்டில் தட்ட வேண்டும்.

வட்டத்தில் ஓடும் பொருளின் திசைவேகம் எப்போதும் தொடுகோட்டின், அதாவது வட்டத்தை அந்த ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுச் செல்லும் நேர்கோட்டின், வழியே இருக்கும். அதற்குச் செங்குத்தான திசை ஆரத்தின் திசை, அதாவது மையத்தை நோக்கிய திசை. ஆகவே திருப்பும் வேலையைச் செய்வது மையநோக்கு முடுக்கம். நீட்டிக் குறைக்கும் வேலையைச் செய்வது தொடுகோட்டு முடுக்கம். சீரான இயக்கத்தில் இரண்டாவதற்கு வேலை இல்லை. சீரற்ற இயக்கத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. என் அக்கா மகள் விட்டது அந்த இரண்டாவதைத்தான்.

சூத்திரங்களைப் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

வால்பாறை இறக்கத்தில்

ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் இடையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்தவர்களுக்கு இந்தக் கட்டுரை பாதி தெரிந்ததுதான், உடம்புக்குத் தெரியும். இடது பக்கம் திரும்பும் ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள்: வளைவின் ஆரம் 12 மீட்டர், பஸ்ஸின் வேகம் நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். ஓட்டுநர் பிரேக் பிடித்திருப்பதால் ஒவ்வொரு நொடிக்கும் வேகம் 1.5 மீட்டர் வீதம் குறைந்துகொண்டிருக்கிறது.

பத்தில் ஒரு நொடி நேரத்தை மட்டும் பாருங்கள். அதற்குள் பஸ் ஏறக்குறைய அரை மீட்டர் நகர்கிறது. 12 மீட்டர் ஆரத்தில் அரை மீட்டர் நகர்ந்தால் திரும்பும் கோணம் 0.5-ஐ 12-ஆல் வகுத்தது, அதாவது 0.042 ரேடியன். ரேடியன் என்றதும் மிரள வேண்டாம். ஆரத்தின் நீளத்துக்குச் சமமாக வட்டத்தின் மேல் நடந்தால் திரும்பும் கோணம் ஒரு ரேடியன், ஏறத்தாழ 57 பாகை. நடந்த தூரத்தை ஆரத்தால் வகுத்தாலே கோணம் வந்துவிடும் என்பதுதான் இந்த அலகின் வசதி. நம் 0.042 ரேடியன் என்பது சுமார் இரண்டரைப் பாகை.

பஸ் இரண்டரைப் பாகை திரும்பினால் திசைவேக அம்பும் அதே இரண்டரைப் பாகை திரும்புகிறது. அம்பின் நீளம் 5. அதன் நுனி பக்கவாட்டில் நகரும் அளவு 5 பெருக்கல் 0.042, அதாவது நொடிக்கு 0.21 மீட்டர். இது பத்தில் ஒரு நொடியில் நடந்த மாற்றம். ஒரு முழு நொடிக்கு என்ற வீதத்தில் சொன்னால் 2.1. இதுவே மையநோக்கு முடுக்கம்: வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது, 25 ÷ 12.

வேகம் ஏன் வர்க்கமாக வருகிறது என்று பலர் கேட்பதில்லை, மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வேகம் இரண்டு இடங்களில் கைவைக்கிறது, அதனால்தான். வேகம் இரட்டித்தால் பஸ் அதே நேரத்தில் இரு மடங்கு கோணம் திரும்புகிறது. திரும்பவேண்டிய அம்பும் இரு மடங்கு நீளமாகிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து நான்கு மடங்கு.

அதே பத்தில் ஒரு நொடியில் பிரேக்கும் தன் வேலையைச் செய்திருக்கிறது. அம்பின் நீளம் 0.15 குறைந்துவிட்டது. நொடிக் கணக்கில் இது 1.5, பஸ் போகும் திசைக்கு நேர் எதிராக. இதுவே தொடுகோட்டு முடுக்கம்.

இங்கே கூர்மையான மாணவர் ஒரு கேள்வி கேட்பார். வேகம்தான் மாறிக்கொண்டே இருக்கிறதே, வர்க்கம் போட எந்த வேகத்தை எடுப்பது? நல்ல கேள்வி. பத்தில் ஒரு நொடியின் முடிவில் வேகம் 4.85 ஆகியிருக்கும். அதை வைத்துப் போட்டால் 1.96 வருகிறது, தொடக்க வேகத்தை வைத்தால் 2.08. இரண்டுக்கும் இடைவெளி இருக்கிறது. நேரத்தை நூறில் ஒரு நொடியாகச் சுருக்குங்கள். முடிவு வேகம் 4.985, அதை வைத்தால் 2.07. இடைவெளி ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்னும் சுருக்கினால் இரண்டும் ஒன்றே. ஆகவே 'இந்தக் கணத்தின் முடுக்கம்' வேண்டுமென்றால் இந்தக் கணத்தின் வேகத்தைப் போட்டால் போதும். சூத்திரம் அதேதான், சீரானதற்கும் சீரற்றதற்கும். ஒரே வித்தியாசம், சீரற்ற இயக்கத்தில் அந்த எண் கணத்துக்குக் கணம் மாறும். மையநோக்கு முடுக்கம் ஒரே அளவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கணக்கை ஆரம்பிப்பவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

இப்போது 2.1 மையத்தை நோக்கி, 1.5 பின்னோக்கி. மொத்தம் 3.6 என்று கூட்டக்கூடாது. இரண்டும் செங்குத்தான திசைகள். பிதாகரஸ் தேற்றப்படி வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 2.6. அந்த ஒற்றை அம்பு, தொகுபயன் முடுக்கம், இடதுபுறம் மையத்தை நோக்கிப் போகாமல் அதிலிருந்து 36 பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது. உண்மையில் இருப்பது இந்த ஓர் அம்பு மட்டும்தான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மையநோக்கு, தொடுகோடு என்று இரண்டாகப் பிரித்தது நம் வசதிக்கு.

நம் உடம்பு அந்த அம்புக்கு எதிர்ப்பக்கம் சாயும். பிரேக் பிடித்தபடி இடது வளைவில் நுழையும்போது முடுக்கம் இடதுபின்னால், நாம் சாய்வது வலதுமுன்னால். வளைவின் நடுவில் ஓட்டுநர் பிரேக்கை விட்டால் நேராக வலப்பக்கம். வளைவு முடியுமுன்பே ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வலதுபின்னால். ஒரே வளைவுக்குள் உடம்பு அரைவட்டமாக ஓர் ஆட்டம் ஆடி முடிக்கிறது. அந்தத் தடத்தில் பல ஆண்டுகள் ஓடிய நடத்துனரைக் கவனியுங்கள். இருக்கையின் முனையில் இடுப்பை முட்டுக்கொடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் டிக்கெட்டையும் சில்லறையையும் எண்ணிக்கொண்டிருப்பார். வளைவு தொடங்குமுன்பே அவர் கால்கள் எங்கே ஊன்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டிருக்கும்.

'வெளியே தள்ளுகிறது' என்ற இந்த உணர்வுக்குத்தான் பதினேழாம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் மையவிலக்கு என்ற பெயரைக் கொடுத்தார், அதன் அளவையும் கணக்கிட்டார். அதையே எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து, ஹைகன்ஸின் சொல்லுக்கு இணையாக மையநோக்கு விசை என்ற சொல்லை ஆக்கியவர் நியூட்டன். சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. பஸ் உள்ளே திரும்புகிறது, நாம் நேராகப் போக முயல்கிறோம், அவ்வளவுதான்.

பஸ்ஸை விட்டு இறங்குமுன் டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் தேவையான விசை இரண்டும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்விலிருந்தே வரவேண்டும். மழையில் நனைந்த சாலை அதிகபட்சம் 4 என்ற அளவு முடுக்கத்தைத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் அதே வளைவில் திரும்பினால் மையநோக்கு முடுக்கத்துக்கே 3 போய்விடுகிறது. பிரேக்குக்கு மிச்சம் 1 அல்ல, சுமார் 2.6 (16-இலிருந்து 9-ஐக் கழித்து வர்க்கமூலம்). பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் வேகம் 7 ஆனால் திரும்புவதற்கு மட்டுமே 4-க்கு மேல் தேவை. பிரேக்குக்கு ஒன்றும் மிச்சமில்லை, திரும்பவே போதாது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தேடாதே, முன்பே வேகத்தைக் குறை என்று ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்வதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

அரை ரேடியன்

இனி பொட்டுக்கு வருவோம். எங்கள் வீட்டு விசிறி வழக்கமான 48 அங்குல விசிறி, அதாவது மையத்திலிருந்து பொட்டு வரை சுமார் 60 சென்டிமீட்டர். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 சுற்று என்று எடுத்துக்கொண்டால் பொட்டின் வேகம் நொடிக்கு 22 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் ஓடும் காரின் வேகத்தில் ஒரு பொட்டு நம் தலைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. அதன் மையநோக்கு முடுக்கம் 22-இன் வர்க்கத்தை 0.6-ஆல் வகுத்தது, சுமார் 807. கீழே விழும் பொருளின் முடுக்கம் 9.8. பொட்டின் முடுக்கம் அதைப்போல 82 மடங்கு. பசை நல்ல பசைதான்.

முழு வேகத்தை எட்ட விசிறிக்குப் பத்து நொடி ஆகிறது, வேகம் சீராகக் கூடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். நிஜ மோட்டார் அப்படிச் சீராகக் கூட்டாது. தொடக்கத்தில் ஒரு மாதிரியும் முடிவில் ஒரு மாதிரியும் இருக்கும். ஆனாலும் கணக்கைப் பார்க்க இது போதும். தொடுகோட்டு முடுக்கம் 22-ஐப் பத்தால் வகுத்து 2.2, எப்போதும் அதே அளவு.

மின்சாரம் வந்த முதல் கணத்தில் பொட்டின் வேகம் பூஜ்யம். ஆகவே மையநோக்கு முடுக்கமும் பூஜ்யம். முடுக்கம் முழுக்கத் தொடுகோட்டில், 2.2. 'வட்ட இயக்கம் என்றால் மையத்தை நோக்கி' என்ற விதி இந்தக் கணத்தில் முழுத் தவறு. கால் நொடி கழித்து வேகம் 0.55, மையநோக்கு முடுக்கம் 0.5. அம்பு இன்னும் பெரும்பாலும் முன்னோக்கியே, ஆனால் உள்ளே லேசாகத் தலை சாய்க்கத் தொடங்கிவிட்டது. ஏறத்தாழ அரை நொடியில் இரண்டும் சமம், அம்பு சரியாக 45 பாகையில். ஒரு நொடி முடியும்போது மையநோக்கு 8, தொடுகோடு அதே 2.2. ஐந்தாவது நொடியில் 202-க்கு 2.2. அம்பு மையத்தை நோக்கியே இருப்பதாகக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

அந்த 45 பாகைக் கணத்தைத்தான் நான் அவளுக்குக் காட்ட விரும்பினேன். எந்த இடத்தில் அது நடக்கிறது? நேர்கோட்டு இயக்கத்தில் எல்லோரும் படித்த ஒரு சூத்திரம் இருக்கிறது: ஓய்விலிருந்து சீரான முடுக்கத்தில் புறப்பட்டால் வேகத்தின் வர்க்கம் = 2 × முடுக்கம் × தூரம். வட்டத்தின் மேல் நடக்கும் தூரத்துக்கும் தொடுகோட்டு முடுக்கத்துக்கும் இதே உறவுதான். இரண்டு பக்கமும் ஆரத்தால் வகுத்தால் இடப்பக்கம் மையநோக்கு முடுக்கம் ஆகிவிடுகிறது. வலப்பக்கம் தொடுகோட்டு முடுக்கம் பெருக்கல் 2 பெருக்கல் (தூரம் ÷ ஆரம்). தூரத்தை ஆரத்தால் வகுத்தால்? சுழன்ற கோணம், ரேடியனில். ஆக,

மையநோக்கு முடுக்கம் = தொடுகோட்டு முடுக்கம் × 2 × சுழன்ற கோணம்.

கோணம் அரை ரேடியன் ஆகும்போது இரண்டும் சமம். ஆரம் எங்கே? காணோம். முடுக்கத்தின் அளவு? அதுவும் காணோம். விசிறியானாலும் சரி, திருவிழா ராட்டினமானாலும் சரி, ரோட்டோரக் கரும்புச்சாறு இயந்திரத்தின் பெரிய சக்கரமானாலும் சரி, ஓய்விலிருந்து சீராக வேகம் கூடினால் அரை ரேடியன், அதாவது சுமார் 29 பாகை சுழன்றதும் இரண்டு முடுக்கங்களும் சமம். விசிறியின் மையத்துக்கு அருகே இன்னொரு பொட்டு ஒட்டினாலும் அதற்கும் அதே கணத்தில்தான் 45 பாகை. இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி போட்டேன்.

மூன்று இறக்கை விசிறியில் ஓர் இறக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே 120 பாகை. 29 பாகை என்பது அதில் ஏறக்குறைய கால் பங்கு. ஆக, இறக்கை தன் பக்கத்து இறக்கை இருந்த இடத்தை நோக்கிக் கால்வாசி போவதற்குள், தொடுகோட்டு முடுக்கத்தின் ஆட்சி முடிந்துவிடுகிறது. ஒரு முழுச் சுற்று முடியும்போது மையநோக்கு முடுக்கம் பன்னிரண்டரை மடங்கு பெரிது. சீரான வட்ட இயக்கத்தின் சூத்திரத்தை வைத்துக்கொண்டே பலரும் காலம் தள்ள முடிவது இதனால்தான். தவறு தெரியும் கால அளவு அவ்வளவு சிறியது.

ஊஞ்சல் கயிறு எங்கே அறும்?

விசிறியில் தொடுகோட்டு முடுக்கம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டோம். ஊஞ்சலில் அதுவும் மாறும். காரணம், அங்கே வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் புவியீர்ப்பு. கயிறு செங்குத்திலிருந்து 60 பாகை விலகும்வரை ஆடும் ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். உந்தல், காற்றுத் தடை எதுவும் வேண்டாம்.

உச்சியில் ஊஞ்சல் ஒரு கணம் நிற்கிறது. 'நின்றுவிட்டது, ஆகவே முடுக்கம் இல்லை' என்று எழுதாத மாணவர் அரிது. நானும் எழுதியிருக்கிறேன். நிற்பது வேகம். முடுக்கம் நின்றிருந்தால் ஊஞ்சல் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்குமே, திரும்பி வராதே! உச்சியில் மையநோக்கு முடுக்கம் பூஜ்யம், தொடுகோட்டு முடுக்கம் அதன் பெரும அளவில்: புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.87 பங்கு, பாதையின் வழியே கீழ்நோக்கி.

அடியில் கதை தலைகீழ். வேகம் உச்சகட்டத்தில் இருக்கிறது, ஆகவே அந்தக் கணத்தில் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொடுகோட்டு முடுக்கம் பூஜ்யம். முடுக்கம் முழுக்க நேர் மேல்நோக்கி, மையத்தை நோக்கி. அதன் அளவு, 60 பாகை ஆட்டத்துக்கு, சரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம். கயிறு இரண்டு மீட்டரோ பத்து மீட்டரோ, இதில் மாற்றம் இல்லை.

இரண்டுக்கும் நடுவே அம்பு என்ன செய்கிறது என்பதுதான் அழகு. உச்சியில் சாய்வாகக் கீழே காட்டிக்கொண்டிருந்த அம்பு, ஊஞ்சல் இறங்க இறங்க நிமிர்கிறது. கயிறு செங்குத்திலிருந்து சுமார் 40 பாகையில் இருக்கும்போது அம்பு சரியாகக் கிடைமட்டம். பிறகு மேலே திரும்பி, அடியில் நேர் செங்குத்து. ஒரே ஒரு இடத்தில்தான், அடியில் மட்டும்தான், அது மையத்தை நோக்குகிறது. மற்ற எல்லா இடத்திலும் விலகியே நிற்கிறது.

கயிற்றின் கணக்கையும் பார்த்துவிடலாம். உச்சியில் கயிறு தாங்குவது உட்கார்ந்திருப்பவரின் எடையில் பாதி. அடியில் தாங்குவது எடையைப்போல இரு மடங்கு: ஒரு மடங்கு எடையைச் சுமக்க, இன்னொரு மடங்கு மேல்நோக்கித் திருப்ப. ஒரு வீச்சுக்குள் நான்கு மடங்கு ஏற்ற இறக்கம். நைந்த கயிறு பெரும்பாலும் உச்சியில் அறாமல் அடியைக் கடக்கும்போது அறுவதற்குக் காரணம் இது. மரக்கிளையில் கயிறு கட்டுகிறவர் உட்கார்ந்து பார்த்து 'தாங்குகிறது' என்று சொன்னால் போதாது.

கழுத்தை ஒடித்த வட்டம்

இதே புவியீர்ப்பு விளையாட்டை முழு வட்டமாக ஆடினால் என்ன ஆகும் என்பதை 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஆட்களை ஏற்றியே பார்த்தார்கள். ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே என்ற அந்தக் கேளிக்கைத் தண்டவாளத்தில், வண்டி ஒரு செங்குத்து வளையத்துக்குள் ஏறித் தலைகீழாகி இறங்கும். வளையம் கச்சிதமான வட்டம். பயணிகளுக்குக் கழுத்துவலி வந்தது.

ஏன் என்று நாமே கணக்கிடலாம். உச்சியில் வண்டி தண்டவாளத்தை விட்டுப் பிரியாமல் இருக்க வேண்டுமானால் அங்கே மையநோக்கு முடுக்கம் குறைந்தது புவியீர்ப்பு முடுக்கம் அளவாவது இருக்க வேண்டும். அதை 1 என்று வைப்போம். உச்சியில் 1 என்றால், உருண்டு இறங்கியதால் வேகம் கூடி, பக்கவாட்டில் பாதி உயரத்தில் மையநோக்கு முடுக்கம் 3 ஆகிறது. கூடவே புவியீர்ப்பு நேர் கீழே இழுப்பதால் தொடுகோட்டு முடுக்கம் 1. தொகுபயன் 10-இன் வர்க்கமூலம், அதாவது 3.2. அடியில் மையநோக்கு 5, தொடுகோடு பூஜ்யம். உட்கார்ந்திருப்பவர் உணர்வது இதோடு தன் எடையும் சேர்ந்து ஆறு மடங்கு. இது குறைந்தபட்சக் கணக்கு. வண்டி கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வந்தால் இன்னும் ஏறும். அதுவும், நேர்த் தண்டவாளத்திலிருந்து வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் இந்தப் பாரம் சட்டென்று வந்து விழும். தலையின் எடை ஆறு மடங்கானால் கழுத்து என்ன செய்யும்?

வட்டத்தைப் பெரிதாக்கினால் தீருமா? தீராது. ஊஞ்சல் கயிற்றில் பார்த்தது போலவே இங்கும் ஆரம் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. பெரிய வட்டத்துக்கு வேகமும் அதிகம் வேண்டும், வர்க்கமும் ஆரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அதே ஆறு வந்து நிற்கும். மாற்றவேண்டியது அளவை அல்ல, வடிவத்தை. வேகம் அதிகமாக உள்ள அடியில் ஆரம் பெரிதாகவும், வேகம் குறைந்த உச்சியில் ஆரம் சிறிதாகவும் இருந்தால் முடுக்கம் அடங்கும். ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வடிவமைத்து, 1976-இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில் திறக்கப்பட்ட ரெவல்யூஷன் என்ற ரோலர் கோஸ்டரில் அப்படித்தான் செய்தார்கள். வளைவு சிறிது சிறிதாகக் கூடும் கிளாத்தாய்டு என்ற கோட்டை அதற்குப் பயன்படுத்தினார்கள். இன்றைய ரோலர் கோஸ்டர்களில் வளையம் பெரும்பாலும் வட்டமாக இருக்காது, மேலே குறுகிக் கீழே அகன்ற நீர்த்துளி போல இருக்கும். அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது பாருங்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது இரவு ஒன்பது மணி இருக்கும். மின்சாரம் போனது. இருட்டில் கைப்பேசி விளக்கை அவள் விசிறியின் மேல் அடித்தாள். சிவப்பு வளையமாகத் தெரிந்துகொண்டிருந்தது மெல்ல மெல்லப் புள்ளியாகப் பிரிந்து, தனித்தனிச் சுற்றுகளாகி, சோம்பலாக வந்தது. வேகம் குறைகிறது, ஆகவே அம்பு மையத்திலிருந்து பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். மற்றபடி எல்லாம் தொடக்கத்தின் தலைகீழ்.

"நிற்கப்போவதற்கு 29 பாகை முன்னால் மறுபடி சமம், சரிதானே மாமா?" என்றாள்.

"சீராகக் குறைந்தால்."

பொட்டு ஜன்னல் பக்கமாக வந்தது, தயங்கியது. "இப்போது" என்று விரலை நீட்டினாள். இறக்கை இன்னும் கொஞ்சம் நகர்ந்து, புத்தக அலமாரிக்கு நேராக நின்றது.